வேட்டி கட்டிய ஜன்னல்

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியின் அந்த நாலைந்து தெருக்களில் கல்யாண வயதில் பெண் இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உதயாவைத் தெரியும். ஜாதகம் எழுத ஒருவரிடம் போவார்கள், புடவை எடுக்க வேறெங்கோ போவார்கள், போட்டோவுக்கு மட்டும் உதயாவிடம்தான் வருவார்கள். அவள் எடுத்த போட்டோ போன இடத்தில் சம்பந்தம் கூடிவரும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி, கிளம்பிய வேகத்தில் நிலைத்தும்விட்டது. கைராசிக்காரி என்றார்கள்.

உதயாவுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கோலார் தங்கவயலில், சுவரில் புத்தரும் அம்பேத்கரும் மாட்டியிருந்த வீட்டில் பிறந்தவள் அவள். அந்த வீட்டில் காலண்டர் இருந்தது, ராகு காலம் பார்க்கிற வழக்கம் இல்லை. இன்னும் சொல்லப்போனால் அவளுக்கும் ஜெயவேலுவுக்கும் கல்யாணம் நடந்ததே ராகு காலத்தில்தான். அந்த நேரத்துக்கு மண்டபத்தை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், சுலபமாகக் கிடைக்கும் என்பது ஜெயவேலுவின் யோசனை. "ராகுவே வந்து பந்தியில உக்காந்தாலும் இன்னும் ரெண்டு கரண்டி போட்டு அனுப்புவோம்" என்று வேறு சொன்னான். அப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் வந்து ராசி, கிராசி என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்? சிரித்தாளே தவிர, ஒருநாளும் மறுத்ததில்லை. தானாக வந்த நல்ல பேரைக் கதவைச் சாத்தி விரட்ட யாருக்கு மனசு வரும்?

அவளுடைய ஸ்டூடியோவைப் பார்த்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். மூன்றாவது மாடியில் வாடகை வீடு, அதில் ஒரு படுக்கையறை. கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட இடம் கிடைக்கும். பின்னால் ஆணியில் தொங்கும் கருநீலப் படுக்கை விரிப்பு. ஒரு பக்கம் நாற்காலியில் சாய்த்து வைத்த தெர்மாகோல் பலகை, ஃபிரிட்ஜ் வாங்கியபோது பெட்டிக்குள் வந்தது. விளக்கு கிடையாது, குடை கிடையாது. ஒரே ஒரு ஜன்னல்தான்.

அந்த ஜன்னலும் பேருக்குத்தான் ஜன்னல். வெளியே ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த தெருவைப் பார்த்து நிற்கும் ஒரு பி.ஜி. ஹாஸ்டலின் பக்கச் சுவர். இங்கிருந்து கை நீட்டினால் அங்கே குழம்புக் கிண்ணத்தைக் கொடுக்கலாம், அவ்வளவு நெருக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்யும் பையன்கள் சட்டையில்லாமல் பல் தேய்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள் என்று, குடிவந்த வாரமே ஜெயவேலு தன் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னல் கம்பிகளில் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினான். எதிர்ச் சுவரில் விழுந்த வெயில் அந்த வேட்டியில் வடிகட்டி உள்ளே வந்தபோது அறையே பால் காய்ச்சி இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உதயாவை அவன் அப்படியே போனில் ஒரு படம் எடுத்தான். கண்ணில் தண்ணீரோடு அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அவன்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தான். அதன் தலையிலிருந்த ஒரு சின்னச் சக்கரத்தைக் காட்டி, "இத மட்டும் தொடாத. வெளிச்சத்துக்கு ஒரு கலர் கீது. இந்த ரூம் வெளிச்சத்துக்குன்னு செட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றான். அவள் தொடவில்லை. போட்டோ எடுக்கும்போது டியூப்லைட்டை அணைப்பாள், தெர்மாகோலை நிழல் விழும் கன்னத்துப் பக்கம் நகர்த்துவாள், உட்கார்ந்த பெண்ணிடம் அவள் வேலையையோ சமையலையோ பற்றிப் பேச்சுக் கொடுப்பாள், அவள் தன்னை மறந்து பதில் சொல்லும் நேரத்தில் அமுக்குவாள். போன் கேமராவில் எடுத்தால் எல்லா முகமும் மாவு பூசினாற்போல் வரும், நேரில் பார்க்கிறவர்கள் போட்டோ வேறு பெண் வேறு என்று முகம் சுளிப்பார்கள். உதயாவின் போட்டோவில் அதே முகம்தான் இருக்கும், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த நாளின் முகம்.

போன யுகாதிக்குக் கொஞ்சம் முன்னால், ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனி பஸ்ஸிலேயே ஜெயவேலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வீடு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு அவள் பல நாள் அந்த அறைக்குள் போகவில்லை. ஹாலிலேயே படுத்தாள். தங்கவயலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வீடு இருந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் தானே கட்டிலைத் தள்ளினாள், ஸ்டூலைப் போட்டாள். ஜன்னலில் வேட்டி அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை ஜெயவேலு அதை அவிழ்த்துத் துவைத்து மறுபடி கட்டுவான். இப்போது கொஞ்சம் மங்கி, பாசி ஏறினாற்போல் தெரிந்தது. துவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் முடிச்சு அவன் போட்டது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

முதலில் வந்தவள் ஒரு நர்ஸ் பெண். லட்சணமான பெண்தான். ஆனால் போட்டோவில் அவளைக் காணோம். மூக்கு இருந்தது, கண் இருந்தது, முகத்தில் களை இல்லை. மூன்று நாள் ஜுரத்தில் கிடந்து எழுந்த மாதிரி ஒரு வெளிறல். பெண்ணுக்கு ரத்தம் கம்மி போலிருக்கிறது என்று உதயா முடிவுகட்டி, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பினாள். அடுத்து வந்தவள் ரத்தம் கம்மியானவள் இல்லை, நல்ல வாட்டசாட்டமானவள். அவளும் அப்படியே வந்தாள். புடவைதான் பொருந்தவில்லை என்று நினைத்து வேறு புடவை மாற்றிவரச் சொன்னாள். புடவை மாறியது, முகம் மாறவில்லை.

நேரில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளைக் குழப்பியது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது பளிச்சென்று இருக்கிற பெண், கேமராவுக்குள் போனதும் எங்கே போய்விடுகிறாள்? தன் கண்ணில்தான் கோளாறோ என்று ஒரு வாரம் பயந்தாள். கடைக்குப் போனால் தக்காளியைக் கையில் எடுத்து, இது சிவப்பா இல்லையா என்று தனக்குள்ளேயே பரீட்சை வைத்துக்கொண்டாள். கண் நன்றாகத்தான் இருந்தது.

போட்டோ வாங்கிப் போனவர்களிடமிருந்து நல்ல சேதி வரவில்லை. வரவேண்டியவர்களும் வரவில்லை. "பொண்ணுக்கு ஜுரம், அப்பறம் வரோம்." "ஆடி கழியட்டும் உதயா." யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. காய்கறி வண்டிக்கு இந்தப் பக்கம் குனிந்து கத்திரிக்காய் பொறுக்கியபோதுதான் அந்தப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தது. "அவ கையில போட்டோ எடுத்தா சவக்களைதான் வரும். பாவம், அவளும் இன்னா பண்ணுவா? பூவும் பொட்டும் போன கை."

பொறுக்கிய கத்திரிக்காயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. படியேறும்போதே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அறைக்குள் போய், அந்த நர்ஸ் பெண்ணின் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். ஆத்திரம் எங்கேயோ போய்விட்டது. சவக்களை என்பது சரியான சொல்லாகத்தான் இருந்தது.

கடைசி முயற்சியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து சிவாஜிநகருக்குப் போனாள். ரிப்பேர் கடை பாய் அதைத் திறந்து, ஊதி, துடைத்து, கடை வாசலில் வெயில் ஓரமாக அவளையே நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்.

"பாருங்கம்மா. கேமராவுக்கு ஒண்ணும் ஆவல. ஏக்தம் சரியா கீது."

பார்த்தாள். பல மாதமாகக் கண்ணாடியில்கூடச் சரியாகப் பார்க்காத தன் முகம். நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி தெளிந்து நின்றது. புருஷனைப் பறிகொடுத்தவளின் முகம் அப்படித் தகதகவென்று இருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களின் முகம் பிணமாட்டம் இருக்கிறது. இதென்ன கூத்து? திரும்பும் பஸ் முழுக்க இதே யோசனை. கேமராவில் குற்றமில்லை, கண்ணில் குற்றமில்லை, பெண்களிடம் குற்றமில்லை. அடுத்தவர் கையில் அவள்கூட நன்றாக வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்பது ஒன்றுதான். அவள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவள், ராசியாவது மண்ணாவது என்று எத்தனையோ பேரிடம் வாதாடியவள். வாதாடிய வாய் அப்படியேதான் இருந்தது. நெஞ்சுதான் மெல்ல மெல்லக் கட்சி மாறிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வனஜா மட்டும்தான் ஒதுங்காதவள். பக்கத்துத் தெரு. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், சாமி, சகுனம், ராசி, திருஷ்டி எல்லாவற்றிலும் முழு நம்பிக்கை உள்ளவள். இருந்தாலும் தன் பெண் ஷில்பா பள்ளிக்கூடம் போகும்போதே, "இவ கல்யாண போட்டோவ நீதான் எடுக்கணும்" என்று உதயாவிடம் சொல்லிவைத்திருந்தாள். இப்போது நல்ல இடம் ஒன்று வந்து, பையன் வீட்டில் போட்டோ கேட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷில்பாவுக்கு மாம்பழக் கலர் புடவை கட்டி, மல்லிகை வைத்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உதயா வாசலிலேயே மறித்தாள். "வேணாங்க்கா. வேற எங்கனா எடுத்துக்கோங்க. நல்ல எடம் சொல்றீங்க, என்னால கெட்டதுன்னு ஆவ வேணாம்."

"சும்மா இரு" என்று வனஜா உள்ளே வந்தாள். வந்தவள் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் ஒண்ணு சொல்வேன், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. எல்லாத்தயும் நீயே செய். எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படியே செய். கடைசில அந்த பட்டன மட்டும் நான் அமுக்கறேன்."

ஷில்பா, "அம்மா! இன்னாமா பேசற நீ?" என்று பதறினாள்.

உதயாவுக்குச் சுருக்கென்று தைத்தது. வனஜா சொன்னதில் அன்பும் இருந்தது, அவமானமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. பிரித்துப் பார்க்கிற தெம்பும் இல்லை. ஒருவேளை சரியாக வந்துவிட்டால்? வனஜாவின் நெற்றியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம், புருஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், கம்பெனி கேப் ஓட்டுகிறார். அவள் விரல் பட்டுப் படம் நன்றாக வந்துவிட்டால், நாலு தெரு சொன்னதும் உண்மை என்றாகிவிடும். வராவிட்டால் ஷில்பாவின் சம்பந்தம் கெடும். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அவளுக்குப் புரியவில்லை.

"சரிக்கா" என்றாள்.

டியூப்லைட்டை அணைத்தாள். ஷில்பாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தாள். தெர்மாகோலை நகர்த்தினாள். கேமராவைச் சரிபார்த்து வனஜாவின் கையில் கொடுத்து, விரலை எங்கே வைப்பது என்று காட்டினாள். வனஜா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள், தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அமுக்கினாள்.

மூன்று பேரும் கேமராவின் பின்பக்கத் திரையில் குனிந்தார்கள்.

மாம்பழக் கலர் புடவை வாடிய வாழையிலைக் கலரில் இருந்தது. ஷில்பாவின் முகத்தில் அதே வெளிறல், அதே சவக்களை. கொஞ்சமும் குறையவில்லை.

வனஜா திரையைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகமே அந்தப் போட்டோ மாதிரி ஆகிவிட்டது. கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்த போனை உருவினாள்.

"என்னாங்க? எங்க கீறீங்க? ...நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? ...இடது கை மரத்துப்போவுதா? ...அட, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

அந்தப் பக்கத்துச் சத்தம் அறைக்கே கேட்டது. "உனக்கு இன்னாடி ஆச்சு? டோல்ல நிக்கறேன், பின்னாடி ஹாரன் அடிக்கறான். காலைல ஏழு இட்லி சாப்ட்டேன், எனக்கு இன்னா கேடு? வெய்யி போன!"

"நல்லா கீறாரு" என்றாள் வனஜா குழப்பத்தோடு. "ஏழு இட்லி சாப்ட்டிருக்காரு. அப்பறம் எப்படி?"

உதயாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. ஷில்பாவும் சேர்ந்துகொண்டாள். வனஜா மட்டும், "இன்னாத்துக்கு இப்படிச் சிரிக்கறீங்க?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிரித்து ஓய்ந்தபோதுதான் உதயாவுக்கு உறைத்தது. கை மாறியும் படம் மாறவில்லை. சிவாஜிநகரில் கை மட்டுமா மாறியது? இடமும்தானே மாறியது. அப்படியானால் இந்த அறையில்தான் ஏதோ இருக்கிறது. அறையில் என்ன இருக்கிறது? விரிப்பு பழையது, ஸ்டூல் பழையது, தெர்மாகோல் பழையது. அவள் திரும்பி, பாசி ஏறினாற்போலத் தெரிந்த அந்த வேட்டியைப் பார்த்தாள்.

எழுந்து போய் முதல் முடிச்சில் கை வைத்தாள். ஜெயவேலு எதைக் கட்டினாலும் லாரிக்குக் கட்டுகிற மாதிரிதான் கட்டுவான். நகம் போகவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பழைய துணியும் தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஷில்பா, "கத்தி கொண்டாரவா ஆன்ட்டி?" என்றாள். "வேணாம்மா" என்றாள். அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தண்ணீர் தொட்டு, நெகிழ்த்தி, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நாலாவது முடிச்சு அவிழ்ந்ததும் வேட்டி தானாகவே அவள் தோளில் சரிந்து விழுந்தது.

எதிரே சுவர். மேலிருந்து கீழ் வரை கிளிப்பச்சை. கண்ணைக் குத்துகிற, கூசவைக்கிற கிளிப்பச்சை. அதன் மேல் காலை வெயில் அடித்து, அந்தப் பச்சை முழுவதும் சந்தைத் தாண்டி அறைக்குள் வந்து கொட்டியது. ஷில்பாவின் மல்லிகைகூடப் பச்சையாகத் தெரிந்தது.

"அய்யய்யோ" என்றாள் வனஜா. "இது சந்தனக் கலர் சுவராச்சே?"

ஆமாம், சந்தனக் கலர் சுவர்தான். இத்தனை வருஷமும் அந்தச் சந்தனத்தில் பட்டுத் திரும்பிய வெயில்தான் வேட்டி வழியாக வந்து பெண்களின் கன்னத்தில் உட்கார்ந்தது. அந்தச் சக்கரமும் அந்த வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்ததுதான். பச்சைக்குக் கண் பழகிவிட்டது, கேமரா பழகவில்லை. ஹாஸ்டல்காரர் புது வர்ணம் அடித்திருக்கிறார். எப்போது? உதயாவுக்கு ஞாபகம் வந்தது. ஜெயவேலுவை எடுத்துப்போன அந்த வாரம், யுகாதி நெருங்கிய வாரம், வீடெல்லாம் ஒரு பெயின்ட் வாடை. தலை வலித்தது. அழுகையால் வருகிற தலைவலி என்று நினைத்துக்கொண்டாள். மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருந்ததால் மேலே போய்ப் பார்க்கவும் வழியில்லை.

வனஜா அருகில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். "தெருவுல பேசனதெல்லாம் உன் காதுலயும் விழுந்துச்சா, உதயா?"

"விழுந்துச்சுக்கா."

"நானும் கொஞ்சம் நம்பிட்டேன். அதான் பட்டன நான் அமுக்கறேன்னேன். மனசுல வெச்சுக்காத."

"நீங்க கொஞ்சம்தான் நம்புனீங்க" என்றாள் உதயா. "நான் முழுசா நம்பிட்டேன். அவரு என்கூட இத்தன வருஷம் இருந்தும், நான் முழுசா நம்பிட்டேன்க்கா."

சொன்ன பிறகு அழுகை வந்தது. தோளில் கிடந்த வேட்டியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்று அழுதாள். வனஜா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் விதி, ராசி என்றுதான் ஆரம்பிக்கும். அதில் ஒன்றும் இப்போது உதவாது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்.

பிறகு உதயா மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஷில்பா, சமையல்கட்டுக்கு வா" என்றாள்.

சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது, அங்கே எதிரே வானம்தான் இருந்தது. ஸ்டூலை அடுப்புமேடைக்குப் பக்கத்தில் போட்டாள். கருநீல விரிப்பை ஃபிரிட்ஜின்மேல் தொங்கவிட்டாள். வனஜாவின் இரண்டு கையிலும் வேட்டியைக் கொடுத்து, "ஜன்னல மறைச்சுத் தூக்கிப் பிடிங்க, ஆட்டாதீங்க" என்றாள். வனஜா குதிகாலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் படத்தில் ஷில்பா நீலமாக வந்தாள். உதயா அந்தச் சின்னச் சக்கரத்தைப் பார்த்தாள். தொடாதே என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னது அந்த ரூம் வெளிச்சத்துக்கு, அந்த வெளிச்சம் இப்போது இல்லை. ஒரு பல் நகர்த்தினாள், எடுத்துப் பார்த்தாள். மஞ்சளாக வந்தது. பின்னால் திருப்பினாள். இன்னொன்று எடுத்தாள்.

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நூடுல்ஸ் தெரியும் ஆன்ட்டி. மாப்ள வீட்ல சாம்பார் தெரியும்னு சொல்லி வெச்சிருக்காங்க" என்று ஷில்பா சிரிக்கத் தொடங்கினாள். உதயா அமுக்கினாள்.

அதில் ஷில்பா இருந்தாள். புடவை மாம்பழமாகவே இருந்தது. வனஜா வேட்டியோடு எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் துள்ளினாள். "வந்துடுச்சு பாரு! கைராசி எங்கயும் போவல, திரும்பி வந்துடுச்சு!"

"அக்கா, அது ராசி இல்ல. அந்தச் சுவரு..." என்று தொடங்கிய உதயா, வனஜாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பச்சைச் சுவரைக் கண்ணால் பார்த்தவளே இப்படிச் சொன்னால், நாலு தெருவுக்கு எப்படிப் புரியவைப்பது?

வனஜா வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தாள். "என்னாங்க, நாந்தான். பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எதுரு வூட்டுச் சுவருக்கு பச்சப் பெயின்ட் அடிச்சிருக்காங்க, அவ்ளோதான்... இன்னா புரியல? நீங்க நல்லா கீறீங்க. சரி, ஓட்டுங்க." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

உதயா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அவளுக்கும் இதை உடனே ஒருவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பட்டன், ஏழு இட்லி, கிளிப்பச்சை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான், ராகுகாலக் கல்யாணத்தை இழுத்து ஒரு வருஷத்துக்குக் கிண்டல் செய்வான். சொல்ல வேண்டிய ஆள் அவன் ஒருவன்தான், அவனிடம்தான் சொல்ல வழியில்லை.

"ஆன்ட்டி, இன்னொண்ணு எடுக்கலாமா?" என்றாள் ஷில்பா.

"எடுக்கலாம்" என்றாள் உதயா. வனஜாவின் தோளிலிருந்த வேட்டியை வாங்கி, உதறி, சுருக்கம் நீவி, மறுபடியும் அவள் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்கக்கா."